பிணமில்லாத சாவும் முடிவில்லாத துக்கமும்

நம்மவர் ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் என்ன நடக்கிறது என்பதை யாவரும் அறிவோம். சேதி கேட்டவுடன் தெரு கூடிவிடுகிறது. அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயல் வீட்டிலிருந்து சோறு வருகிறது. பெண்கள் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். புரோகிதன் வந்து செய்யும் சடங்கினால் செத்தவனுக்கு ஒரு தம்பிடிப் பிரயோஜனமும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் ஊர் கூடி அழுவதனாலும், போனவன் போய்விட்டான் என்பதைக் கண்ணால் கண்டுகொள்வதனாலும் இருக்கின்றவர்களுக்குப் பெரும் பிரயோஜனம் உண்டு. சாவு நிச்சயமானால்தான் துக்கம் ஆறத் தொடங்கும். இவ்விரண்டும் கிடைக்காதவர்களின் கதி என்ன? உயிருக்குப் பயந்து தேசம் விட்டு ஓடிய அகதிகள் பலருடைய கதி இதுவேயாகும்.

2013-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, லிபியாவிலிருந்து 500-க்கு மேற்பட்டவர்களை அடைத்துக்கொண்டு வந்த ஒரு படகு, இத்தாலியைச் சேர்ந்த லாம்பெடுசா தீவுக்கு அருகில் தீப்பற்றிக் கவிழ்ந்தது. அதிலிருந்தவர்களில் பெரும்பாலோர் எரித்ரியா தேசத்தார். 155 பேர் பிழைத்தார்கள். 360-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பிழைத்தவர்கள்மீது, அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்த குற்றத்துக்காக விசாரணை! மாண்டவர்களுக்கோ சர்க்கார் மரியாதை செய்வதாக வாக்குறுதி! அம்மாதம் 21-ந் தேதி அக்ரிஜெந்தோ நகரில் நினைவுச் சடங்கு நடந்தது. மந்திரி வந்தார். எந்த அரசாங்கத்துக்குப் பயந்து அந்த ஜனங்கள் ஓடினார்களோ அந்த அரசாங்கத்தின் தூதரும் வந்தார். சவப்பெட்டிகள் அங்கில்லை, அவை முன்னமே சிசிலியின் இடுகாடுகளில் புதைக்கப்பட்டுவிட்டன. பிழைத்தவர்களும் அங்கில்லை. அழ வேண்டியவனுக்கு இடமில்லாத இழவு வீடு உலகில் எங்கேனும் உண்டா என்று கேட்கின்றோம்.

2014 முதல் மத்தியதரைக் கடலில் மாண்டும் காணாமலும் போனவர்கள் 30,000-க்கு மேல் என்று சர்வதேசக் குடிபெயர்வு ஸ்தாபனம் கணக்கெடுத்திருக்கிறது. பல்லாயிரம் பேருடைய உடல் கிடைக்கவேயில்லை. மகன் கடலில் போனானா, ஏதாவதொரு சிறையில் கிடக்கிறானா என்று தெரியாத தாய் என்ன செய்வாள்? அழுதால் உயிரோடிருப்பவனைக் கொன்றவளாகிறாள். அழாவிட்டால் செத்தவனை மறந்தவளாகிறாள். டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் அவள் துக்கம் முதலிலிருந்து தொடங்குகிறது.

இப்படி ஆறாமல் நீடித்து, உண்ண, உறங்க, உழைக்க விடாமல் அடிக்கும் துக்கத்தை ஒரு வியாதியாகவே 2022 முதல் அமுலிலிருக்கும் உலக சுகாதார ஸ்தாபனத்தின் நோய்ப் பட்டியல் ஒப்புக்கொண்டிருக்கிறது. யுத்தம் நடந்த பிரதேசங்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநோய் இருப்பதாகவும் அந்த ஸ்தாபனம் சொல்லுகிறது. இது பேயுமல்ல, கர்மமுமல்ல. காரணம் தெரிந்த வியாதி. பரிகாரமும் உள்ள வியாதி.

ஆனால் அடைக்கலம் கேட்டு வந்தவனுக்குக் கிடைப்பது என்ன? அதிகாரி முன் நிறுத்தி, உன் தம்பியை எந்தத் தேதியில் சுட்டார்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்கிறார்கள். முதல் தடவை சொன்னதற்கும் இரண்டாந் தடவை சொன்னதற்கும் வித்தியாசமிருந்தால் பொய்யன் என்று முத்திரை குத்துகிறார்கள். போஸ்னியா, கொசோவோ அகதிகளை இங்கிலாந்தில் இருமுறை விசாரித்துப் பார்த்த ஓர் ஆராய்ச்சி 2002-ல் வெளியாயிற்று. தங்க அனுமதி ஏற்கனவே பெற்று, பொய் சொல்ல எந்த அவசியமும் இல்லாத அவர்களுடைய வாக்குமூலங்களும் மாறுபட்டன. அடிபட்ட மனதின் ஞாபகம் கணக்குப்பிள்ளையின் பேரேடு அல்ல.

கடலில் போனவர்களைக் கண்டுபிடிப்பது ஆகிற காரியமா என்று சிலர் கேட்கலாம். 2015 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானவர்களோடு மூழ்கிய ஒரு படகை, மறு வருஷம் இத்தாலிக் கடற்படை ஆழ்கடலிலிருந்து தூக்கிக் கரை சேர்த்தது. மிலான் சர்வகலாசாலையின் கிறிஸ்தினா கத்தானேயோ என்னும் அம்மையாரும் அவரது கூட்டத்தாரும் அந்தப் பிணங்களைச் சோதித்துப் பெயர் கண்டுபிடிக்கப் பாடுபட்டார்கள். மாலி தேசத்துப் பையன் ஒருவனின் சட்டையில் வைத்துத் தைத்திருந்தது என்ன தெரியுமா? அவனுடைய பள்ளிக்கூட மார்க்குப் பட்டியல்!

2014-ல் 239 பேரோடு காணாமற்போன மலேசிய விமானத்துக்காக 1,20,000 சதுர கிலோமீட்டர் கடலடியைத் துருவினார்கள். அதைத் தப்பென்று நாம் சொல்லவில்லை. விமானத்தில் சீட்டு வாங்கி ஏறியவனின் தாய்க்குள்ள உரிமை, படகில் ஏறியவனின் தாய்க்கு ஏன் இல்லை என்றுதான் கேட்கின்றோம். சாவுச் சான்றிதழ் இல்லாமல் விதவை மறுமணம் செய்ய முடியாது. அநாதைக் குழந்தை அயல்நாட்டுச் சிற்றப்பனிடம் போய்ச் சேரவும் முடியாது. ஆகவே செத்தவனுக்குப் பெயர் கொடுப்பது இருப்பவனுக்கு வாழ்வு கொடுப்பதாகும். அதோடு மனுவுக்குச் சீக்கிரம் முடிவு, கைக்கு வேலை, குடும்பத்தோடு சேர்ந்திருக்க அனுமதி, தன் பாஷையில் பேசும் வைத்தியர் ஆகிய இவையே அந்த வியாதிக்கு மருந்து. இவை சர்க்கார்கள் மனம் வைத்தால் நடக்கிற காரியங்கள். ஆண்டவன் சித்தத்துக்கு இதில் வேலையில்லை.

இது எங்கோ தூரதேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். 1983 முதல் இலங்கையிலிருந்து கடல் தாண்டி வந்த தமிழர்கள் நம் ஜில்லாக்களின் முகாம்களில் இருக்கிறார்கள். 2021-ல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியாயிற்று. பெயர் மாறினால் மட்டும் போதாது. அவர்களிலும் பதில் வராத கேள்வியோடு காத்திருப்பவர்கள் உண்டு. தோழர்களே! அவர்களிடம் போய் "நடந்ததை மறந்துவிடு" என்று புத்தி சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போனவனின் பெயரைக் கேளுங்கள். நம் தெருவில் துக்கம் விசாரிக்கத் தெரிந்த நமக்கு, அந்த முகாமின் வாசல் மட்டும் ஏன் தெரியாமல் போக வேண்டும்?