பணத்தின் திசை காட்டும் சிறுசொற்கள்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், வங்கிக்கு எழுதும் கடிதத்திலோ பெரும்பாலும் ஆங்கிலம். தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் ஏலக்காய் விவசாயியும் தம் பணம் பற்றிய வேண்டுகோளை மூன்றாவது மொழியில் எழுத நேர்கிறது. அங்கே பிழை நேர்வது பெரிய சொற்களில் அன்று. வினையை ஒட்டி வரும் சிறுசொற்களில்தான்.

இதன் காரணம் மொழியமைப்பில் உள்ளது. 'கணக்கிலிருந்து', 'கணக்குக்கு', 'கணக்கில்' எனப் பெயரோடு ஒட்டும் உருபே தமிழில் திசையைக் காட்டிவிடுகிறது. மலையாளமும் இவ்வாறே. ஆங்கிலத்தில் அப்பணியைப் பெயருக்கு முன்னே தனித்து நிற்கும் சிறுசொல் செய்கிறது. எந்த வினைக்கு எந்தச் சிறுசொல் என்பதை விதியைவிட வழக்கே முடிவு செய்கிறது. 'குறித்து விவாதித்தோம்' என்று தமிழில் எண்ணுபவர் 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதிவிடுகிறார். 'டிஸ்கஸ்' என்னும் வினைக்குத் துணையே வேண்டா. 'ரிக்வெஸ்ட்' பெயராக வரும்போது 'ஃபார்' சேரும். வினையாக வரும்போது சேராது.

இவை நடைக் குறைகள்; பொருள் கெடுவதில்லை. பொருளையே மாற்றும் பிழைகளும் உண்டு. 'பே ஆஃப்' என்றால் கடனை முழுவதும் அடைத்தல். 'பே டுவேர்ட்ஸ்' என்றால் கடனுக்காக ஒரு பகுதியைச் செலுத்துதல். தவணையாகச் சிறு தொகை கட்ட விரும்புபவர் முன்னதை எழுதிவிட்டால், கணக்கை முடிக்கக் கோருகிறாரோ என்ற ஐயம் எழும். 'போரோ' என்பதற்கு 'ஃப்ரம்' துணை. 'லெண்ட்' என்பதற்கு 'டு' துணை. இவை இடம் மாறினால் கடன் வாங்கியவர் யார், கொடுத்தவர் யார் என்பதே குழம்பும். 'ட்ரான்ஸ்ஃபர்' என்று எழுதும்போது 'ஃப்ரம்', 'டு' இரண்டையும் அவற்றிற்குரிய கணக்கு எண்களோடு எழுதுவதே பாதுகாப்பு.

ஆகவே வினையைத் தனியே மனப்பாடம் செய்வதால் பயன் குறைவு. 'அப்ளை ஃபார்', 'கம்ப்ளை வித்', 'வித்ட்ரா ஃப்ரம்' என இணையாகவே கற்க வேண்டும். ஐயம் எழுந்தால் வாக்கியத்தைச் சுருக்கி, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிடுக. அலங்கார ஆங்கிலத்தைவிடத் தெளிவான இரண்டு வரிகள் மேலானவை.

எனினும் சுமை முழுவதையும் வாடிக்கையாளர் தோளில் ஏற்றுவது நியாயமன்று. சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழிசெய்கிறது. ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அரசு அதிகாரிகளிடம் குறைகளை முறையிடலாம் என்கிறது அரசமைப்பின் 350-ஆம் பிரிவு. மாநிலச் சட்டம் வங்கிகளைக் கட்டுப்படுத்தாது; ஆயினும் அதன் நோக்கம் வங்கிகளுக்கும் பொருந்தும். படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் அமைய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். கேரளத்தில் வட்டார மொழி மலையாளம். எல்லைக் கிளைகளில் நான்காவதாகத் தமிழையும் சேர்ப்பது அரிய செயலன்று.

ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதப் பழகுவோம்; அது நமக்கு வலிமை. ஆங்கிலம் வாராதவரின் பணமும் அவர் எண்ணிய திசையிலேயே செல்ல வேண்டும். அதை உறுதிசெய்வது வங்கியின் கடமை.