முதலில் தராசைச் சோதியுங்கள்

"கடவுளைக் கண்டேன்" என்று ஒருவன் சொன்னால், "உன் கண்ணைச் சோதித்துக் கொண்டாயா?" என்று நாம் கேட்கிறோம். இப்படிக் கேட்பதற்காகவே நமக்கு நாஸ்திகர் என்றும், துவேஷிகள் என்றும் பட்டம் கிடைக்கிறது. ஆனால் வானத்தை ஆராய்கின்ற விஞ்ஞானிகள் இதே கேள்வியைத் தங்களையே கேட்டுக் கொள்ளுகிறார்கள் என்பதை வாசகர்கள் அறிய வேண்டும்.

பிரபஞ்சம் தோன்றிச் சுமார் 1380 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு 3,80,000 வயதாயிருந்தபோது புறப்பட்ட ஒளி, குளிர்ந்து மங்கி, இன்றும் எல்லாத் திசைகளிலிருந்தும் வந்து கொண்டிருக்கிறது. அந்த ஒளியில் ஒரு மிகச் சிறு பகுதி ஒரே பக்கமாக அதிர்கிறது. இதற்குத் தளவிளைவு என்று பெயர். இதை அளப்பதற்கு, ஒரே இடத்தைப் பார்க்கும் இரண்டு உணர்கருவிகளில் ஒன்றால் நெடுக்கு அதிர்வையும், மற்றதால் குறுக்கு அதிர்வையும் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார்கள். இரண்டில் ஒன்று இம்மி கூடுதலாகக் காட்டிவிட்டாலும், வானத்தில் இல்லாத தளவிளைவு கணக்கில் ஏறிவிடும்.

சந்தையில் தராசின்மேல் சந்தேகம் வந்தால் நாம் என்ன செய்கிறோம்? சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைத்துப் பார்க்கிறோம். தென் துருவத்தில் 2010 முதல் 2012 வரை வேலை செய்த பைசெப்-2 என்னும் தொலைநோக்கியையும், பார்த்த இடத்தையே பார்க்கும்படி அதன் அச்சில் திருப்பித் திருப்பி வைத்து அளந்தார்கள். வானத்தின் குணமானால் வானத்தோடு நிற்கும். கருவியின் கோளாறானால் கருவியோடு சுற்றும்.

இவ்வளவு செய்தும், பிரபஞ்சம் பிறந்த கணத்து ஈர்ப்பலைகளின் சுவடு கிடைத்துவிட்டதென்று 2014 மார்ச்சில் அவர்கள் அறிவித்தது நிலைக்கவில்லை. கருவியைச் சோதித்தவர்கள், இடையிலே கிடந்த நமது நட்சத்திர மண்டலத்துத் தூசியைக் குறைவாக மதிப்பிட்டுவிட்டார்கள். 2015 ஜனவரியில், பிளாங்க் விண்கலத்தாரோடு சேர்ந்து மறுபடி கணக்கிட்டு, ஈர்ப்பலைக்குப் போதிய சாட்சியமில்லை என்று அவர்களே வெளியிட்டார்கள்.

"பார்த்தீர்களா, விஞ்ஞானம் பொய்த்தது, சாஸ்திரமே கதி" என்று வைதிகர்கள் இதைக் கொண்டு துள்ளலாம். அவர்களை ஒன்று கேட்கிறோம். தப்பைக் கண்டுபிடித்தது யார்? விஞ்ஞானிகளேயல்லவா? அதுவும் 11 மாதத்திற்குள்! "முன்பு சொன்னதை நிறுத்துப் பார்த்தோம், குறைகிறது, தள்ளிவிடுங்கள்" என்று எந்தப் புராணத்தில் எந்த ரிஷி எழுதி வைத்தார்? எத்தனை ஆயிரம் வருஷமானாலும் தராசைத் தொடாதே என்பதுதானே அங்கே சட்டம்?

தோழர்களே! இது வைதிகருக்கு மாத்திரம் சொல்லும் புத்தியல்ல. நமக்குப் பிரியமான சேதி வரும்போது நாமும் தராசைப் பார்க்க மறந்து விடுகிறோம். மேடையில் ஒருவர் சொன்னார், நம் பத்திரிகையில் வந்தது என்பதே நமக்குப் போதுமானதாகி விடுகிறது. அப்படியானால் நமக்கும் பக்தனுக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே, இப்போது நாம் எழுதியிருப்பதையும் தட்டு மாற்றி வைத்து நிறுத்துப் பாருங்கள். குறைந்தால் தாராளமாகத் தள்ளிவிடுங்கள்.