செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறீர்களா? பழைய ஓனரின் போனையும் பாருங்கள்!

பி.ஒய்.-01 நம்பர் பிளேட்டைப் புதுச்சேரியில் மட்டுமல்ல, சென்னையிலும் கேரளாவிலும்கூடப் பார்க்கலாம். வரி குறைவு என்று இங்கே பதிவு செய்த கார்கள் அவை. பிறகு செகண்ட் ஹேண்டில் ஊர் ஊராகக் கை மாறுகின்றன. வாங்குபவர்கள் டயர், இன்ஜின், ஆர்.சி., இன்ஷூரன்ஸ் எல்லாம் பார்ப்பார்கள். விட்டுப்போவது ஒன்றுதான்: பழைய ஓனரின் போனில் இருக்கும் கார் ஆப்.

2019-ல் இந்தியாவில் அறிமுகமான ஹூண்டாய் வென்யூ, எம்.ஜி. ஹெக்டர் ஆகியவற்றின் சில மாடல்களில் காருக்குள்ளேயே இ-சிம் வந்தது. போனிலிருந்தே கார் நிற்கும் இடத்தைப் பார்க்கலாம், கதவைத் திறக்கலாம். அப்போது புதிதாக வாங்கிய கார்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. ஆர்.டி.ஓ. ஆபீஸில் படிவம் 29, 30 கொடுத்தால் ஆர்.சி.யில் பெயர் மாறிவிடும். ஆப்பில் தானாக மாறும் என்று நம்பி இருக்க முடியாது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் பாதுகாப்பு நிபுணர் சார்லஸ் ஹெண்டர்சன் 2017-ல் சொன்ன அனுபவம் இது. தன் பழைய காரை, எல்லாத் தகவல்களையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்தார். ஆனாலும் அந்தக் கார் அவருடைய ஆப்பிலேயே இருந்தது. அது எங்கே நிற்கிறது என்று பார்க்கவும், கதவைத் திறக்கவும் அவரால் முடிந்தது. அவர் நல்லவர், வெளியே சொன்னார். எல்லோரும் அப்படி இருப்பார்களா? இரவில் அந்தக் காரில் தனியாக வருவது உங்கள் மகளாகவும் இருக்கலாம்.

முன்பின் தெரியாதவர்களும் காருக்குள் நுழைய முடியும். 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வலாசெக் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கியின் வேகத்தை இணையம் வழியாகவே குறைத்துக் காட்டினார்கள். அதன் பிறகு 14 லட்சம் வாகனங்களைச் சரிசெய்ய அந்த நிறுவனம் திரும்ப அழைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

* வாங்கும்போதே, பழைய ஓனர் தன் ஆப்பிலிருந்து காரை உங்கள் கண்முன் நீக்கட்டும்.

* கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஆர்.சி.யைக் காட்டி, இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பழைய இணைப்பு எதுவும் இல்லை என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

* திரையில் சேமித்திருக்கும் போன் நம்பர்கள், வீட்டு முகவரி எல்லாவற்றையும் 'ரீசெட்' செய்யுங்கள். விற்பவர்களும் இதை மறக்கக் கூடாது.

* சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்பேர் சாவியைக் கேட்டு வாங்குகிறோம் அல்லவா? ஆப்பும் ஒரு சாவிதான். அதையும் கேட்டு வாங்குங்கள்!