பழைய மிசினும் பெட்டியும்: வாங்கும் முன் சில வார்த்தைகள்

இடம்பெயர்ந்து அலைந்த எமது விவசாயக் குடும்பங்களின் கையில் சிறிது பணம் சேர்ந்ததும், முதலில் எழும் பேச்சு ஓர் உழவு இயந்திரத்தைப் பற்றியதுதான். காணி விடுபட்டதோ இல்லையோ, கிணறு இறைத்துத் துப்புரவாக்கியாயிற்றோ இல்லையோ, "ஒரு மிசினும் பெட்டியும் இருந்தால் எப்படியும் தப்பிவிடலாம்" என்கிறார்கள். இதைப் பேராசை என்று சொல்லும் அதிகாரிகளும் உண்டு. நாம் அப்படிச் சொல்லமாட்டோம்.

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, பெட்டி பூட்டிய மிசின் நின்ற வீட்டாரின் நெல் மூட்டையும் தையல் மெசினும் நடக்கமாட்டாத கிழவியும் தென்மராட்சி போய்ச் சேர்ந்தன. மற்றவர்கள் சைக்கிள் கரியரில் கட்டக் கூடியதை மட்டும் கட்டிக்கொண்டு நடந்தார்கள். 2008 இலும் 2009 இலும் மன்னார்ப் பக்கமிருந்து கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று தள்ளப்பட்டுக்கொண்டே போன குடும்பங்களுக்கு அந்தப் பெட்டியே வீடாக இருந்தது. கூரைத் தகரம், கதவு, யன்னல் எல்லாவற்றையும் கழற்றி அதில் ஏற்றினார்கள். மேலே தறப்பாள் இழுத்துக் கட்டினார்கள். கீழே பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். மேல்நாடுகளில் லொறியின் மேல் சிறு வீடு பூட்டிக்கொண்டு விடுமுறைக்கு ஊர் சுற்றுகிறார்கள் என்று படிக்கிறோம். எம்மவர்கள் அந்த வித்தையை விடுமுறையில் கற்றவர்கள் அல்லர்.

ஆகவே மிசின் வேண்டும் என்ற எண்ணத்தில் பிழை இல்லை. ஆனால் ஓடித் தப்புவதற்கு வாங்கும் மிசினும் வயலில் உழைப்பதற்கு வாங்கும் மிசினும் ஒன்றல்ல. ஓடுவதற்கு ஒரு கிழமை இயங்கினால் போதும். உழைப்பதற்குக் காலபோகம், சிறுபோகம் என்று பத்து வருடமாவது இயங்க வேண்டும். முதலாவதை மனதில் வைத்துக்கொண்டு, எந்த விலைக்கும், எந்தக் கடனிலும் வாங்கிவிடுவதுதான் எமது குடும்பங்களை வருத்துகிறது.

லீசிங் என்னும் தவணைக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தவணை மாதத்துக்கு மாதம் வரும். நெல்லுக்குக் காசு வருவதோ வருடத்தில் ஒருமுறை. குளத்தில் தண்ணீர் இருந்தால் இரண்டு முறை. இந்த இரண்டும் ஒருநாளும் பொருந்தி வருவதில்லை. ஒரு போகம் வெள்ளத்தில் போனால் மூன்று தவணை நிலுவையாகும். பிறகு தாலிக்கொடி வங்கிக்குப் போகும். அதன் பிறகும் வாகனத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போனபின் மனைவியின் நகையும் இல்லை, மிசினும் இல்லை, கட்டிய காசும் இல்லை. புதிய பட்டா வாகனமோ புதிய உழவு இயந்திரமோ முற்றத்தில் நிற்பது கண்ணுக்கு அழகுதான். எனினும் மாதச் சம்பளமோ நாளாந்த வியாபாரமோ இல்லாத வீட்டுக்கு அது ஏற்றதல்ல என்பது எமது உறுதியான அபிப்பிராயம். கைக்காசுக்கு வாங்கிய பழைய மிசின் பழுதாகிக் கிடந்தாலும் அது உங்கள் முற்றத்திலேயே கிடக்கும்.

பழையதில் எது நல்லது என்று கேட்பீர்கள். இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் செய்யும் குடும்பம் ஒன்று தனியாக வாங்குவதானால் இரண்டு சில்லு லான்ட்மாஸ்டரே போதும். (லான்ட்மாஸ்டர் என்பது முன்பு இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இயந்திரத்தின் பெயர். இன்று யப்பான் மிசினுக்கும் சீன மிசினுக்கும் நாம் அதே பெயரைத்தான் சொல்கிறோம்.) ஒற்றைச் சிலிண்டர், கழற்றிப் பூட்ட ஊருக்குள்ளேயே ஆள் உண்டு. நான்கு சில்லு மிசின் வேண்டுமென்றால், சொந்த வயலை மட்டும் உழுது அதன் செலவைத் தேட முடியாது. கூலி உழவும், மணல், விறகு, நெல் ஏற்றும் வேலையும் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்குமென்றால் 1960 களில் வெளிவந்த மஸி பேர்கசன் 135 போன்ற மூன்று சிலிண்டர் மிசின்கள் இன்றும் எமது மண்ணுக்கு ஏற்றவை. அதில் கொம்பியூட்டர் கிடையாது. உதிரிப்பாகம் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கிடைக்கும். திருத்தத் தெரிந்தவர் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கிறார். ஐம்பது வருடம் பழையது என்று கேட்டதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. எத்தனை வருடம் என்பதைவிட யார் கையில் இருந்தது என்பதே பெரிது.

விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனங்களின் விலை கண்டபடி ஏறியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. அந்த இடைக்கால விலையை நினைவில் வைத்துக்கொண்டு இன்றும் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், அவசரப்படாதீர்கள். காலபோக விதைப்புக்கு முன், ஆவணி புரட்டாதியில், எல்லோரும் மிசின் தேடுவார்கள். அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த நாட்களில் போய்க் கேட்பதே புத்தி.

பார்க்கப் போகும்போது உங்களுக்கு நம்பிக்கையான திருத்துநர் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிச் செல்லுங்கள். விற்பவர் காட்டும் திருத்துநர் வேண்டாம். அதிகாலையில், சொல்லாமல் போவது நல்லது. போனவுடன் இயந்திரத்தின் தலையில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன் ஸ்ராட் செய்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறும்வரை தேநீர் குடித்துக்கொண்டு காத்திருங்கள். ஆறிய இயந்திரம் எத்தனை சுற்றில் பற்றுகிறது என்பதிலேயே பாதிக் கதை தெரிந்துவிடும்.

மீதிக் கதையைப் புகை சொல்லும். தொடர்ந்து நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. றிங், லைனர் தேய்ந்திருக்கின்றன. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பாரம் இழுக்கும்போது கரும்புகை கக்கினால் காற்று வடியோ நொசிலோ பார்க்கப்பட வேண்டும். இது அவ்வளவு பெரிய செலவல்ல. இயந்திரம் ஓடும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புகைபோக்கி போல அதிலிருந்து ஊதினால், விலை எவ்வளவு குறைத்தாலும் யோசியுங்கள். ரேடியேற்றர் மூடியை ஆறிய நிலையில் மட்டுமே திறக்க வேண்டும். திறந்து ஸ்ராட் செய்கையில் தண்ணீரில் குமிழி தொடர்ந்து வந்தால் ஹெட் கஸ்கட் போயிருக்கிறது.

எம்மவர்கள் இவ்வளவும் பார்ப்பார்கள். பின்பக்கத்தை மறந்துவிடுவார்கள். மஸி 135 போன்றவற்றில் கியர்ப் பெட்டிக்கும் கலப்பை தூக்கும் ஹைட்ரோலிக்குக்கும் ஒரே ஒயில். பம்பும் அதற்குள்ளேயே மூழ்கிக் கிடக்கிறது. சேற்று வயலில் பல போகம் உழுத மிசினுக்குள் தண்ணீர் இறங்கி அந்த ஒயில் மோர் போல வெளுத்திருக்கும். அதன் ஒயில் குச்சியை இழுத்துப் பார்க்காமல் காசை எண்ணாதீர்கள். பிறகு கலப்பையை உயரத் தூக்கி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். உடனே விழுந்தால் உள்ளே வேலை இருக்கிறது. முன்சில்லைப் பிடித்து ஆட்டுங்கள். ஸ்ரியரிங் கால்வட்டம் வெறுமனே சுற்றுகிறதா என்று பாருங்கள். பின் ரயர்கள் இரண்டும் வெடித்திருந்தால் அதன் விலையை அங்கேயே கழித்துக் கேளுங்கள். புதிய பெயின்ற் அடித்திருந்தால் அதற்கு ஒரு சதமும் கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

இயந்திரத்தைவிட ஆபத்தானது கடதாசி. போரில் தொலைந்த பதிவுப் புத்தகங்கள் எத்தனையோ. வெளியேறும்போது கைவிட்டு வந்த வாகனங்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, இன்று யாருடையது என்று சொல்ல முடியாமல் ஓடுகின்றன. உங்களுடையதைப் போன்ற இன்னொரு குடும்பத்தின் மிசினை நீங்கள் காசு கொடுத்து வாங்கிவிடக் கூடாது. செசி இலக்கத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, புத்தகத்தில் உள்ள இலக்கத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள்; எஞ்சின் இலக்கத்தையும் அப்படியே. பதிவுப் புத்தகத்தில் பதிவு உரிமையாளரின் பெயரோடு ஒரு கடன் கம்பனியின் பெயரும் உரிமையாளர் என்று இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீக்கப்படும்வரை அது விற்பவருடைய சொத்தல்ல. கையெழுத்து மட்டும் வைத்த வெற்றுப் படிவங்களைத் தந்து, "ஓப்பின் பேப்பர், எப்போதும் மாற்றலாம்" என்பார்கள். அந்தக் கையெழுத்துக்காரர் கனடா போயிருந்தால், அல்லது காலமாகியிருந்தால், மாற்றுவது யார்? புத்தகம் தொலைந்துவிட்டது என்றால், விற்பவரே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிரதி எடுத்துத் தரட்டும். அதன் பிறகு காசு கொடுங்கள்.

பலர் சேர்ந்து வாங்குவதைப் பற்றி இந்தப் பக்கங்களில் நல்ல வார்த்தைகள் நிறைய எழுதப்படுவதுண்டு. நாமும் சேர்ந்து வாங்குவதையே விரும்புகிறோம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. போர் முடிந்தபின் இந்திய உதவியாக 500 உழவு இயந்திரங்கள் வடக்குக்கு வந்தன. வேறு உதவிகளும் வந்தன. பொதுவில் கொடுக்கப்பட்ட மிசின் சில இடங்களில் நன்றாக உழைத்தது. சில இடங்களில் பொதுமண்டபத்துக்குப் பின்னால் கோழி முட்டையிடும் இடமாயிற்று. கமநல அமைப்பின் பெயரில் இருப்பது பதிவுக்கு நல்லது. ஆனால் சாவி ஒருவர் கையிலும், கணக்கு இன்னொருவர் கையிலும், ஓட்டுவது ஒரே ஆளாகவும் இருக்க வேண்டும். ஓட்டுநர் மாறிக்கொண்டே இருந்தால் கிளச் நிற்காது.

சண்டை வருவது காசில் அல்ல, மழையில். முதல் மழை விழுந்தால் நான்கு குடும்பத்துக்கும் அன்றைக்கே உழ வேண்டும். ஆகவே மழைக்கு முன்பே, எவருடைய வயல் தாழ்வு, எவருடையது மேடு என்று பார்த்து முறை எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த போகம் முறை திரும்பட்டும். நான்கு குடும்பத்துக்கு மேல் ஒரு மிசினில் சேர வேண்டாம் என்பது எமது எண்ணம். விதவையோ பிள்ளைகளை மட்டும் வைத்திருக்கும் தாயோ பங்குதாரராக இருந்தால், அவருடைய முறை "நாளைக்கு" என்று தள்ளப்படுவதை நாம் பலமுறை காண்கிறோம். எழுதிய கொப்பி இருந்தால் அவர் வாய் திறந்து கேட்கலாம்.

அதே கொப்பியில் ஊற்றிய டீசலையும் எழுதுங்கள். மணி காட்டும் மீற்றர் பழைய மிசினில் பெரும்பாலும் ஓடாது; டீசல் கணக்கைக் கொண்டே ஒயில் மாற்றும் காலத்தை அறியலாம். 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 யூனில் அது 460 ரூபா. அந்த ஆறு மாதத்தில் உழவுக் கூலியை எவ்வளவு ஏற்றுவது என்று தெரியாமல் நட்டப்பட்டவர்கள், கணக்கு எழுதாதவர்களே. டீசல் இல்லையென்று மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல்: டீசலில் உள்ள வழுவழுப்புத்தான் டீசல் பம்பைக் காக்கிறது. மண்ணெண்ணெயில் அது குறைவு. பம்பு தேய்ந்துபோனால் அதன் செலவு, மிச்சம் பிடித்ததைவிடப் பலமடங்கு.

வன்னியின் செம்புழுதி எந்த இயந்திரத்துக்கும் பகை. பழைய மிசின்களின் காற்று வடியில் ஒயில் நிற்கும் கிண்ணம் ஒன்று உண்டு. உழவு நாட்களில் அதைத் தினமும் கழற்றிப் பாருங்கள். சேறு படிந்திருந்தால் கழுவி, கோடுவரை புது ஒயில் ஊற்றுங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாததனாலேயே லைனர் தேய்கிறது. டீசல் வடியின் அடியில் தண்ணீர் சேர்ந்தால் திறந்து விடுங்கள். கிறீஸ் அடிக்கும் இடங்களை ஓட்டுநரின் மனைவி பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள், அவர்கள் மறக்கமாட்டார்கள். வேலையில்லாத மாதங்களில் பற்றரி வயரைக் கழற்றி, நிழலில் விட்டு, கிழமைக்கு ஒருதரம் ஸ்ராட் செய்தால் போதும்.

கடைசியாகப் பெட்டி. அதை யாரும் மிசினாக மதிப்பதில்லை. சில்லு பெயாரிங் கத்தும்வரை கிறீஸ் காண்பதில்லை. பெரும்பாலான பெட்டிகளில் பிறேக்கும் இல்லை, பின்னால் வெளிச்சமும் இல்லை. இரவில் ஏ9 வீதியில் நெல் ஏற்றிக்கொண்டு இருளோடு இருளாகப் போகிறது. பின்னால் வரும் பஸ்காரனுக்கு அது முட்டிய பிறகுதான் தெரியும். பெட்டியின் பின்பலகையின் இரு ஓரத்திலும் சிவப்பு ஒளிதெறிப்புத் தகடு அடியுங்கள். கொளுக்கி ஆணி மேடுபள்ளத்தில் துள்ளிக் கழன்றால் பெட்டி தன்பாட்டில் உருண்டு போகும். மேலே ஆட்கள் இருந்தால் கேட்கவே வேண்டாம். ஆணியின் அடியில் குறுக்கே போடும் பூட்டு ஊசி எந்த இரும்புக் கடையிலும் ஒரு தேநீர்க் காசுக்குக் கிடைக்கும். இரண்டாக வாங்கி, ஒன்றைக் கருவிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.