காதுகுத்து வீடியோவை சுருக்குங்க, வெள்ள வீடியோவை தொடாதீங்க

'ஸ்டோரேஜ் நிறைஞ்சிடுச்சு'னு மெயில் வந்ததும் யோசிக்காம பிளான் வாங்கின ஆளு நான். 2021 ஜூன் 1-லிருந்து கூகுள் போட்டோஸ்ல அளவில்லாத இலவச சேமிப்பு கிடையாது. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் எல்லாத்துக்கும் சேர்த்து 15 ஜிபிதான். 100 ஜிபிக்கு மாசம் 130 ரூபாய் கட்டினேன், டீ செலவுதானேன்னு. அடுத்து 200 ஜிபி, 210 ரூபாய். அதுக்கு மேல போகணும்னா 2 டிபி, மாசம் 650. வருஷத்துக்கு 7,800! ஓடிடி பிடிக்கலைன்னா நிறுத்திடலாம். குழந்தை வீடியோ இருக்கிற இடத்துக்கு வாடகையை நிறுத்த மனசு வருமா?

கணக்கைப் பாருங்க. ராயபுரத்துல ஒரு மண்டபத்தில் மச்சான் பையனுக்குக் காதுகுத்து. ஐபோன்ல 4கே, 30 ஃபிரேம், பழைய ஹெச்.264 முறையில 40 நிமிஷம் எடுத்தேன். நிமிஷத்துக்கு சுமார் 350 எம்பி, மொத்தம் 14 ஜிபி. ஒரே காதுகுத்துல இலவச இடம் காலி. அதையே 1080பி, ஹெச்.265 முறையில எடுத்திருந்தா நிமிஷத்துக்கு 60 எம்பி, அதாவது 2.4 ஜிபி. அதுலயும் பாதி நேரம் பந்தியில நடக்கிறவங்க காலுதான் தெரியுது.

அதனால முதல்ல கேமரா செட்டிங்கை மாத்துங்க, காசு செலவில்லை. ஏற்கெனவே எடுத்ததுக்கு ரெண்டு இலவச மென்பொருள் போதும். லாஸ்லெஸ்கட்ல வேண்டாத பகுதியை வெட்டுங்க, தரம் குறையாது. மிச்சத்தை ஹேண்ட்பிரேக்ல போட்டு 1080பி, ஹெச்.265, தர அளவு 22-லிருந்து 24-க்குள்ள வைங்க. எண் கூடக்கூட ஃபைல் சின்னதாகும், படமும் மங்கும். பழைய லேப்டாப்னா மணிக்கணக்கா ஓடும். நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பும்போது ஓட விட்டுட்டுப் போங்க. புது ஃபைலுக்கு இன்னிக்குத் தேதி விழுந்துடும், அதனால விசேஷத் தேதியை ஃபைல் பேர்லயே எழுதிடுங்க. வாட்ஸ்அப்ல வந்த வீடியோவை மறுபடி சுருக்காதீங்க, அது ஏற்கெனவே பிழிஞ்ச கரும்பு.

இவ்வளவு சொல்லிட்டு, ஒரு வகை வீடியோவை மட்டும் சுருக்கவே கூடாதுன்னு சொல்றேன். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் பரவினது நம்ம ஏரியாவுல யாருக்கும் மறந்திருக்காது. திருவொற்றியூர்ல எங்க பக்கத்துத் தெரு அண்ணன், தண்ணியில நின்ன தன் பைக்கை அன்னிக்கே வீடியோ எடுத்தார். ஃபேமிலி குரூப்ல போட்டார். போன்ல இடம் இல்லைன்னு ஒரிஜினலை அழிச்சுட்டார். கிளெய்ம் போட்டப்போ சர்வேயர் கேட்டது ஒரே கேள்வி: "இது எப்போ எடுத்தது?" குரூப்ல இருந்த மங்கலான காப்பியில அதுக்குப் பதில் இல்லை. பல நாள் அலைஞ்சார். (தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு வெள்ளச் சேதத்துக்கு எதுவுமே வராது. அதையும் இன்னிக்கே எடுத்துப் பாருங்க.)

விஷயம் கோர்ட்டுக்குப் போனா இன்னும் கறார். 2024 ஜூலை 1-லிருந்து அமல்ல இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ம் பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோட தர்ற சான்றிதழ்ல அந்த ஃபைலோட ஹாஷ் மதிப்பும் இருக்கணும். ஹாஷ்ங்கிறது ஃபைலோட கைரேகை மாதிரி. ஒரு நொடி வெட்டினாலும், ஒரு தடவை சுருக்கினாலும் மாறிடும்.

வீட்டுக்குள்ள வந்த தண்ணி, விபத்து, வாடகை வீட்டுக்குள்ள நுழையும்போது இருந்த சுவர் விரிசல், இதையெல்லாம் எடுத்த மாதிரியே ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, டிரைவ்ல ஒண்ணு வைங்க. வாட்ஸ்அப்ல அனுப்பணும்னா 'டாக்குமென்ட்'டா அனுப்புங்க, அப்படியே போகும். இந்த மாதிரி கிளிப் எல்லாம் சேர்ந்தாலும் என்கிட்ட 6 ஜிபிகூட வரலை.

போன மாசம் 200 ஜிபி பிளானை நிறுத்திட்டேன். ஹேண்ட்பிரேக் ஸ்கிரீனை அடுத்த வீடியோவுல ஒவ்வொரு பட்டனா காட்டுறேன்.