டாக்டர் கேட்கும் ஒரு கேள்வி

பையனுக்கு டான்ஸில் ஆபரேஷன் என்று நாள் குறித்தாகி விட்டது. பிளாஸ்க், போர்வை, மருதமலை விபூதி எல்லாம் மறக்காமல் எடுத்து வைத்துக் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறீர்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்து, "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் முடிந்து மூச்சு வர நேரமானதுண்டா, அம்மா?" என்று கேட்கிறார்.

"அதெல்லாம் ஒன்றுமில்லைங்க" என்று சட்டென்று சொல்லி விடுகிறீர்கள்.

சின்ன மாமியாருக்கு எப்போதோ ஆபரேஷன் ஆனபோது, பொழுது சாயும் வரை மிஷின் வைத்துத்தான் மூச்சு விட வைத்தார்கள் என்று கல்யாண வீட்டில் காய் நறுக்கும்போது கதை கதையாகச் சொல்வார்களே! அது அந்தச் சமயத்தில் நினைவுக்கு வருவதில்லை. டாக்டருக்கு வேண்டியது அந்தக் கதைதான்.

ஸ்கோலின் என்று ஒரு மருந்து இருக்கிறது. மூச்சுக் குழலில் குழாய் செருகுவதற்காக, உடம்பின் தசைகளை ஒரு நிமிஷத்தில் தளர்த்தி விடும். நம் ரத்தத்தில் உள்ள கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடும். ஐந்து பத்து நிமிஷத்தில் மூச்சு தானே திரும்பி விடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி வேலை செய்வதில்லை. அவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சு திரும்பாது. விவரம் தெரியாமல் குழாயை எடுத்து விட்டால் உயிருக்கே ஆபத்து. ஸ்கோலினுக்கு நினைவை மறக்கச் செய்யும் சக்தியும் கிடையாது. மயக்கம் தெளிந்து விட்டால், பேச்சுக் குரல் எல்லாம் காதில் விழ, விரலைக்கூட அசைக்க மாட்டாமல் குழந்தை கிடக்கும். நினைக்கவே நெஞ்சு பதறுகிறதல்லவா?

இது ஏதோ சீமைச் சங்கதி என்று எண்ணாதீர்கள். நம் கோயம்புத்தூரில், மருதமலை அடிவாரத்துப் பாரதியார் பல்கலைக்கழகத்தில், இந்துமதி மனோகரனும் பேராசிரியர் ரத்னம் பூபதியும், அமெரிக்காவின் ஒக்ஸானா லாக்ரிட்ஜ் முதலியவர்களோடு சேர்ந்து ஆரிய வைசிய சமூகத்தாரை ஆராய்ந்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. நொதியின் புரதச் சங்கிலியில் 307-வது கண்ணியில் லியூசின் இருக்க வேண்டும். அங்கே புரோலின் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் பிழை. மற்றவர்களைவிடச் சுமார் நூறு மடங்கு அதிகமாக இந்தச் சமூகத்தில் இந்தக் குறை காணப்படுகிறது. ஆதியில் சிறு கூட்டமாக இருந்தவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்ததன் விளைவு இது.

உடனே இதை வியாதி என்று பேர் வைத்து விடாதீர்கள். (கல்யாணத் தரகர் காதில் விழுந்தால் அப்புறம் கேட்கவே வேண்டாம்!) இந்த நொதி இல்லாதவர்கள் மற்றப்படி நன்றாகவே இருக்கிறார்கள். ஆபரேஷன் மேஜையில்தான் விஷயம் வெளிப்படும்.

"நாங்கள் வேறு ஜாதிங்க, எங்களுக்கு என்ன?" என்று பக்கத்து வீட்டு அம்மிணி கேட்கிறார். மற்றவர்களுக்கு அபூர்வம், ஆனால் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பிழையான மரபணு வந்தால்தான் குழந்தைக்கு இது முழுமையாக வரும். மாமன் மகளைக் கட்டிய வீடானால் அதற்கு வாய்ப்புச் சற்று அதிகம். ஒரு குழந்தைக்கு இருந்தால், கூடப் பிறந்த ஒவ்வொன்றுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகையால் எல்லோரையும் பார்த்து விட வேண்டும்.

கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அளவு மிகக் குறைவென்று தெரிந்தால் ஸ்கோலினையும், அதே நொதியை நம்பியிருக்கும் மிவாக்கூரியத்தையும் விலக்கி, ரோக்குரோனியம் போன்ற வேறொன்றை டாக்டர் கொடுப்பார். ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டியதுகூட இராது.

இன்று சாயங்காலமே சின்ன மாமியாருக்கு ஒரு போன் செய்யுங்கள். எந்த வருஷம், எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டு பழைய டிரங்குப் பெட்டியில் பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தாலும் இருக்கும். கிடைத்தால் அதன் நகல் ஒன்றைப் பையனின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்து விடுங்கள்.