அவர்கள் ஏன் தங்களைத் தமிழர் என்று சொல்வதில்லை?

"சோனகர் வீட்டில தமிழ்தான் கதைப்பினம், ஆனா தங்களைத் தமிழர் எண்டு சொல்ல மாட்டினம்." ஸ்காபரோவில் வளர்ந்த உங்களுக்கு இது புதிதல்ல. பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இப்போது எங்கள் வயதுக்காரரும் சொல்கிறார்கள். என் கோபம் அவர்கள் மீதுதான்.

மதம்தான் காரணம் என்று தப்ப முடியாது. ரிச்மண்ட்ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவரும் தமிழர், மாதா கோயிலுக்குப் போகிறவரும் தமிழர். தந்தை செல்வா என்று நாங்கள் அழைக்கும் செல்வநாயகமே கிறிஸ்தவர். 1949இல் தொடங்கிய அவருடைய தமிழரசுக் கட்சி 'தமிழ் பேசும் மக்கள்' என்று சொன்னது முஸ்லிம்களையும் சேர்த்துத்தான். 1956 தேர்தலில் கிழக்கில் முஸ்லிம்கள் அந்தக் கட்சியில் நின்று வென்றார்கள். வென்றபின் அரசாங்கப் பக்கம் தாவினார்களே என்பீர்கள். தாவினார்கள்தான். தமிழ் எம்.பி.க்கள் யாருமே தாவவில்லையா?

கதை அதற்கும் முந்தியது. 1880களில் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டும் முஸ்லிம் என்று வாதாடினார். கேட்க அணைப்பது போல இருக்கும். ஆனால் அவர்கள் தமிழர்தான் என்றால் சட்டசபையில் அவர்களுக்குத் தனி உறுப்பினர் எதற்கு? அந்தக் கேள்வி அவர்களுக்கு விளங்கியது. 1889இல் தனி உறுப்பினரைப் பெற்றார்கள். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அசீஸ் இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். 1915 கலவரத்தில் சிங்களக் கும்பல்கள் முஸ்லிம் கடைகளை அடித்து நொறுக்கின. இராமநாதனோ கைதான சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். 'நீங்கள் எங்கள் ஆட்கள்' என்றவர் அடி விழுந்த நேரத்தில் எங்கே நின்றார் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

பிறகு 1990. ஒக்டோபர் 30 அன்று புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். நகைகளையும் பறித்தார்கள். அந்த மாதத்தில் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழரைக் கொன்றார்களே என்று கேட்கிறீர்களா? கொன்றது உண்மை. அதற்கு யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்தவர் எப்படிப் பொறுப்பு? '83இல் கொழும்பில் எங்களை அடித்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

அதுவரை அவர்கள் யாழ்ப்பாணத்தார், மன்னார்க்காரர், முல்லைத்தீவார். புத்தளத்து முகாம்களில்தான் 'வடக்கு முஸ்லிம்கள்' என்ற ஒற்றைப் பெயருக்குள் வந்தார்கள். மானிடவியலாளர் சாரிகா திராணகம இதை விரிவாக எழுதியிருக்கிறார். பள்ளிவாசல் கட்டிய அடையாளம் அல்ல அது, நாங்கள் துரத்தியதால் உண்டானது. நான் மென்பொருள் ஆலோசகன். விளைவைக் காரணம் என்று எழுதிக் கொடுத்தால் என் அறிக்கை அன்றைக்கே திரும்பி வரும்.

அந்த அடையாளம் எப்படி நிலைக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். புத்தளத்தில் பிறந்த பிள்ளை "எங்கட ஊர் யாழ்ப்பாணம்" என்கிறது. நீங்களும் பார்க்காத சாவகச்சேரியைத்தான் ஊர் என்கிறீர்கள். பெற்றோரின் இழப்பை வைத்து நீங்கள் அகதியின் பிள்ளை என்றால், அந்தப் பிள்ளை யார்?

ஒவ்வொரு யூனிலும் யாழ் நூலக எரிப்புக்குப் பல்கலைக்கழகத் தமிழ் மன்றங்கள் போஸ்டர் போடுகின்றன. நல்லது. அந்த எரிப்பைப் பற்றிய 'புத்தரின் படுகொலை' கவிதையையும் பகிர்கிறீர்கள். அதை எழுதிய எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடி முஸ்லிம், யாழ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். எங்கள் துயரத்துக்கு அவருடைய கவிதை வேண்டும். அவர்களுடைய துயரத்துக்கு ஒக்டோபர் 30இல் ஒரு போஸ்டர்கூட நான் பார்த்ததில்லை. அடுத்த மன்றக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள். "இப்ப ஏன் பழசைக் கிளறுறாய்?" என்று யாராவது கேட்டால், மே 18க்கும் அதையே சொல்வாரா என்று திருப்பிக் கேளுங்கள்.